பழைய சம்மன், புதிய சட்டம்: உங்கள் வழக்கை எந்தத் தேதி தீர்மானிக்கிறது?



இன்றைய அரங்கில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், வேகமாக வாகனம் ஓட்டியதற்கான பழைய சம்மன்கள். சாலைச் சட்டத்தில் ஏதேனும் மாற்றம் வந்ததாகச் செய்தி வெளியானால் போதும், கோல சிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை தேநீர்க் கடைகளில் ஒரே பேச்சுதான். "புதுச் சட்டம் வந்துவிட்டது, பழைய சம்மன் இனிமேல் செல்லாது" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்லை, பழைய சம்மனுக்கும் புது அபராதம்தான் கட்டச் சொல்வார்கள்" என்பார் மற்றொருவர். முதலாமவரை நம்பியவர் சம்மனைக் கிழித்துப் போடுகிறார். இரண்டாமவரை நம்பியவர் பயந்துபோய் நீதிமன்றப் பக்கமே போவதில்லை. இரண்டு பேருமே கடைசியில் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உண்மையில் இவ்விருவர் சொல்வதும் சரியல்ல. ஏன் சரியல்ல என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தோட்டப்புறத்திற்கு இது ஏன் முக்கியம்?

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வழியாகச் சபாக் பெர்ணம் போகும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையை எண்ணிப் பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி, நெல் லாரி, பள்ளி வேன், விடியற்காலையில் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. ஈஜோக்கிலிருந்து சுங்கை பூலோ போகும் சாலையும், பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத் தோட்டச் சாலைகளும் அப்படித்தான். இங்கே வாகனம் இல்லாமல் பிழைப்பு இல்லை. லைசென்ஸ் போனால் லாரி ஓட்டுநருக்குச் சோறு போனது போல.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் 300 வெள்ளி அபராதம் என்றால் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. ஆகவே எவ்வளவு கட்ட வேண்டும், எந்தச் சட்டப்படி கட்ட வேண்டும் என்பது வீட்டு அடுப்பைத் தொடும் கேள்வி.

மறுபுறம், வேகத்தால் போகும் உயிர்களையும் மறக்க முடியாது. 2025 மே 13-ஆம் தேதி, சபாக் பெர்ணத்திற்கு அப்பால் தெலுக் இந்தான் அருகே கலகத் தடுப்புப் போலீசார் சென்ற லாரியும் கல் ஏற்றிய லாரியும் மோதி ஒன்பது போலீஸ்காரர்கள் மாண்டனர். அடுத்த மாதம், ஜூன் 9-ஆம் தேதி, கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தனர். அதன் பிறகே கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றிய விதிகள் இறுகின. சட்டம் கடுமையாவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கடுமையான சட்டம் யாருக்கு, எந்த நாளிலிருந்து என்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

முதலில் அடிப்படைச் சட்டம்

நம் நாட்டில் சாலைக் குற்றங்களுக்கு அடிப்படை, 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். 1988 ஜனவரி 1-இல் அது நடப்புக்கு வந்தது. அதற்கு முன் 1958-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருந்தது.

இன்றைய சட்டத்தில் வேக வரம்பை நிர்ணயிக்கும் அதிகாரம் 69-ஆவது பிரிவில் உள்ளது. வரம்பை மீறினால் தண்டனை 40-ஆவது பிரிவில் உள்ளது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு அந்தப் பிரிவு, குற்றம் உறுதியானால் 300 வெள்ளிக்குக் குறையாமலும் 2,000 வெள்ளிக்கு மேற்போகாமலும் அபராதம் என்று சொல்கிறது. நீதிமன்றம் போகாமல் கம்பவுண்ட் கட்டி முடித்துக்கொள்ள 120-ஆவது பிரிவு வழி செய்கிறது. யார் வாகனத்தை ஓட்டியது என்று உரிமையாளர் சொல்லியாக வேண்டும் என்பது 115-ஆவது பிரிவு. போலீசிடமிருந்து தபாலில் வருகிறதே, 'போல் 170ஏ' என்ற நோட்டீஸ், அது இந்தப் பிரிவின் கீழ் வருவதுதான்.

அரசியலமைப்பு தரும் பாதுகாப்பு

புதுச் சட்டம் பழைய குற்றத்தைத் தொடுமா என்ற கேள்விக்கு முதல் பதில் சாலைச் சட்டத்தில் இல்லை. அது நம் கூட்டரசு அரசியலமைப்பின் 7-ஆவது விதியில் இருக்கிறது.

அந்த விதி இரண்டு காரியங்களைச் சொல்கிறது. ஒரு செயலைச் செய்த நாளில் அது குற்றமாக இல்லாவிட்டால், பிறகு வந்த சட்டத்தைக் காட்டி அதற்குத் தண்டனை தர முடியாது. குற்றம் செய்த நாளில் சட்டம் சொன்ன தண்டனையைவிடக் கூடுதலான தண்டனையையும் யாருக்கும் தர முடியாது. 1948-ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 11-ஆவது விதியும் இதையே சொல்கிறது. இந்திய அரசியலமைப்பின் 20-ஆவது விதியும் இதே பாதுகாப்பைத் தருகிறது.

காரணம் எளிது. மனிதன் ஒரு காரியத்தைச் செய்யும்போது அன்றைக்கு இருக்கும் சட்டத்தைத்தான் அறிந்திருக்க முடியும். நாளைக்கு வரப்போகும் சட்டத்தை அவன் எப்படி அறிவான்?

ஓர் எடுத்துக்காட்டு. ஆபத்தான முறையில் அல்லது ஆபத்தான வேகத்தில் வாகனம் ஓட்டி உயிர்ச்சேதம் ஏற்படுத்தும் குற்றம் 41-ஆவது பிரிவில் வருகிறது. முன்பு அதற்குத் தண்டனை 2 முதல் 10 ஆண்டு வரை சிறை, 5,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம். 2020 அக்டோபர் 23-ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம் அதை 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் என்று உயர்த்தியது.

அக்டோபர் 22-ஆம் தேதி இரவு ஜெராம் அருகே ஒரு விபத்து நடந்ததாக வைத்துக்கொள்வோம். வழக்கு 2022-இல் விசாரணைக்கு வருகிறது. அப்போது புதுச் சட்டம் நடப்பில் இருந்தாலும், அந்த ஓட்டுநருக்குப் பழைய தண்டனைதான் பொருந்தும். அதே விபத்து இரண்டு நாள் தள்ளி நடந்திருந்தால் புதுத் தண்டனை. வழக்கு பதிவான தேதி, விசாரணைத் தேதி, தீர்ப்புத் தேதி எதுவும் இதை மாற்றாது. குற்றம் நடந்த தேதிதான் கணக்கு.

இதே கொள்கையை நம் நீதிமன்றங்கள் மிகக் கடுமையான வழக்குகளிலும் காத்திருக்கின்றன. போதைப்பொருள் கடத்தலுக்கு 1983-இல் மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் நடந்த குற்றம் ஒன்று, பிறகு தீர்ப்புக்கு வந்தது. உயர் நீதிமன்றம் 7-ஆவது விதியைச் சுட்டிக்காட்டி, கட்டாய மரண தண்டனை அந்த வழக்குக்குப் பொருந்தாது என்றது. உயிர் போகும் வழக்கில் நிற்கும் கொள்கை, வேகச் சம்மனிலும் நிற்கும்.

அப்படியானால் பழைய சம்மன் ரத்தாகிவிடுமா?

ஆகாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "பழைய சட்டம் போய்விட்டது, அதன் கீழ் வந்த வழக்கும் போய்விட்டது" என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இதற்குப் பதில் சொல்வது 1948, 1967 விளக்கச் சட்டங்களின் 30-ஆவது பிரிவு. ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும், அது உயிரோடு இருந்த காலத்தில் செய்யப்பட்ட குற்றத்திற்கான தண்டனை நீங்காது. விசாரணையும் வழக்கும் தொடரலாம், புதிதாகத் தொடங்கவும் செய்யலாம், சட்டம் நீக்கப்படாதது போலவே. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1987 டிசம்பரில் குற்றம் செய்தவர், 1988 ஜனவரியில் புதுச் சட்டம் வந்ததைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதுதான் அடிப்படை.

வேக வரம்புக்கும் இதே கதைதான். கூட்டரசுச் சாலைகளில் பொது வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். லாரிகளுக்கு அதைவிடக் குறைவு. பெருநாள் காலங்களில் 90 வரம்பைக் குறிப்பிட்ட நாள்களுக்கு 80-ஆகக் குறைத்து அரசாங்கம் உத்தரவு போடுவதுண்டு. அந்த நாள்களில் ஒருவர் 87-இல் போய் கேமராவில் அகப்பட்டார் என்று கொள்வோம். பெருநாள் முடிந்து வரம்பு மீண்டும் 90 ஆகிவிட்டது. "இப்போது 87 குற்றமில்லையே" என்று அவர் வாதிட முடியாது. படம் எடுத்த நாளின் வரம்புதான் அளவுகோல். அதே போல, இன்று ஒரு சாலையின் வரம்பைக் குறைத்தால், நேற்று பழைய வரம்புக்குள் போனவரைப் பிடிக்கவும் முடியாது. அளவுகோல் இரு பக்கமும் ஒன்றுதான்.

தண்டனை குறைந்தால்?

புதுச் சட்டம் தண்டனையைக் குறைத்தால் பழைய வழக்குக்காரருக்கு அது கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. 7-ஆவது விதி கூடுதல் தண்டனையைத்தான் தடுக்கிறது. குறைந்த தண்டனையைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே புதுச் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும்.

நாடாளுமன்றம் விரும்பினால் சலுகையைப் பழைய வழக்குகளுக்கும் நீட்டிக்கலாம். 2023 ஜூலை 4-இல் நடப்புக்கு வந்த கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் அதற்குச் சான்று. அதனோடு வந்த இன்னொரு சட்டம், ஏற்கெனவே தீர்ப்பு முடிந்து சிறையில் இருந்தவர்களும் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கேட்க வழி திறந்தது. அப்படி எதுவும் எழுதப்படாவிட்டால் 30-ஆவது பிரிவின்படி பழைய சட்டமே நிற்கும் என்பதுதான் தொடக்க நிலை.

இந்திய உச்ச நீதிமன்றம் 1960-களில் ரத்தன் லால் வழக்கில், பதினாறு வயது இளைஞர் ஒருவருக்கு, குற்றத்திற்குப் பிறகு அவருடைய ஊரில் நடப்புக்கு வந்த நன்னடத்தைச் சட்டத்தின் பலனைத் தரலாம் என்றது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்ட முடியும்.

நடைமுறை மாறினால்?

தண்டனை வேறு, நடைமுறை வேறு. சம்மன் எப்படி அனுப்புவது, சாட்சியத்தை எப்படிக் காட்டுவது, விசாரணை எப்படி நடத்துவது என்பவை நடைமுறை. நடைமுறையில் யாருக்கும் சொந்த உரிமை கிடையாது என்பது நீதிமன்றங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கொள்கை. ஆகவே நடைமுறை மாற்றம் நிலுவை வழக்குகளுக்கும் உடனே பொருந்தும் என்பது பொது விதி.

ஆனால் 'நடைமுறை' என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது. இதற்கு நம் நாட்டுச் சாலை விபத்து ஒன்றே பாடமாகி, காமன்வெல்த் நாடுகளெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1972 ஏப்ரல் 5-இல் ஒரு மோட்டார் சைக்கிளும் கெண்டராஆன் பாஸ் மாரா நிறுவனத்தின் பஸ்ஸும் மோதிக்கொண்டன. அப்போது பொது நிறுவனங்கள் மீது வழக்குப் போட 12 மாதம்தான் அவகாசம். அது 1973 ஏப்ரலில் முடிந்துவிட்டது. 1974 ஜூன் 13-இல் வந்த திருத்தம் அவகாசத்தை 36 மாதமாக நீட்டியது. காயம்பட்டவர்கள் 1975 மார்ச்சில் வழக்குப் போட்டார்கள். விபத்து நடந்து 36 மாதம் ஆகவில்லை.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கால அவகாசம் வெறும் நடைமுறைதானே என்ற வாதத்தை 1982-இல் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. பழைய அவகாசம் முடிந்த அன்றே பஸ் நிறுவனத்திற்கு ஓர் உரிமை கிடைத்துவிட்டது, பிறகு வந்த திருத்தம் அதைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பானது. அது உரிமையியல் வழக்குத்தான். என்றாலும் அது தரும் பாடம் பெரிது. ஒரு மாற்றம் உங்கள் கையில் இருக்கும் உரிமையைப் பறிக்குமானால், அதை நடைமுறை என்று சொல்லிப் பின்தேதிக்குக் கொண்டுபோக முடியாது.

தள்ளுபடி வேறு, சட்டம் வேறு

நம்மவர்களை அதிகம் குழப்புவது இதுதான். 2012 செப்டம்பரில் ஏஇஎஸ் என்ற தானியங்கிக் கேமரா முறை, சிலாங்கூர், பேராக், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் 14 கேமராக்களோடு தொடங்கியது. சட்டச் சிக்கல்கள் எழுந்ததால், அதே ஆண்டு டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அந்த வழக்குகளை நிறுத்திவைத்தது. 2018-இல் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், நிலுவையில் இருந்த 31 லட்சம் ஏஇஎஸ் சம்மன்கள் ரத்தாகும் என்று அறிவித்தார். அவற்றின் மதிப்பு 435 மில்லியன் வெள்ளி.

இந்த இரண்டு நேரத்திலும் 40-ஆவது பிரிவு நீக்கப்படவில்லை. வழக்கைத் தொடுப்பதும் நிறுத்துவதும் அரசியலமைப்பின் 145-ஆவது விதிப்படி சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். அரசாங்கம் வசூலிக்க வேண்டாம் என்று முடிவு செய்தது, அவ்வளவுதான். 2018-இல் அப்படி நடந்தது என்பதற்காக இன்னொரு முறையும் நடந்தே தீரும் என்று நம்பிச் சம்மனைப் பெட்டியில் போட்டு வைப்பது, மழை வரும் என்று நம்பிக் கிணற்றை மூடுவது போல.

கழிவு அறிவிப்புகளும் அப்படியே. 2026 ஜனவரி 1 முதல் போலீஸ், ஜேபிஜே இரண்டுக்கும் ஒரே கழிவு முறை என்று அறிவிக்கப்பட்டது. அதன்படி 15 நாளுக்குள் கட்டினால் பாதி கழிவு. 16 முதல் 30 நாளுக்குள் 33 விழுக்காடு. 31 முதல் 60 நாள் வரை முழுத் தொகை. அதற்குப் பிறகு நீதிமன்றம்.

300 வெள்ளிக் கம்பவுண்டைக் கணக்குப் பாருங்கள். உடனே கட்டினால் 150. ஒரு மாதத்திற்குள் 201. இரண்டு மாதத்திற்குள் 300. நீதிமன்றம் போய்க் குற்றம் உறுதியானால் 40-ஆவது பிரிவின் குறைந்தபட்சமே 300, அதிகபட்சம் 2,000. மாஜிஸ்திரேட் இரக்கப்பட்டாலும் சட்டம் விதித்த குறைந்தபட்சத்திற்குக் கீழே இறங்க முடியாது. கழிவு என்பது நீதிமன்ற வாசலுக்கு வெளியே உள்ள ஏற்பாடு. வாசலைத் தாண்டிவிட்டால் சட்டத்தின் கணக்குத்தான்.

பக்கத்து நாடுகளில்

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய விதியல்ல. இந்தியாவில் 2019 செப்டம்பர் 1-இல் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்தபோது, கார் போன்ற இலகு வாகனங்கள் வேகமாகப் போவதற்கான முதல் குற்ற அபராதம் 400 ரூபாயிலிருந்து 1,000 முதல் 2,000 ரூபாய் வரை உயர்ந்தது. ஆகஸ்ட் மாதத்துக் குற்றத்திற்கு அந்தப் புதுத் தொகையைச் சுமத்த அந்நாட்டு அரசியலமைப்பு இடம் தராது. சிங்கப்பூர் 2026 ஜனவரி 1 முதல் வேகக் குற்ற அபராதத்தையும் தண்டனைப் புள்ளிகளையும் உயர்த்தியபோதும், அந்தத் தேதியிலிருந்து நடக்கும் குற்றங்களுக்கு என்றுதான் அறிவித்தது. ஜொகூர் பாலம் தாண்டி லாரி ஓட்டும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நேயர்கள் கேட்கும் சில கேள்விகள்

கேள்வி: சம்மன் பழைய தோட்ட முகவரிக்குப் போய்விட்டது. தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் வெளியேறி ஆண்டுகள் ஆகின்றன. எனக்குத் தெரியாமல் வழக்கு நடக்குமா?

பதில்: தோட்டப்புறத்தில் இது பெரிய பிரச்சினை. பலருடைய அடையாளக் கார்டிலும் வாகனப் பதிவிலும் இன்னும் லயத்து முகவரியே இருக்கிறது. நோட்டீஸ் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும். நீதிமன்றச் சம்மன் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டு, நீங்கள் வராவிட்டால், மாஜிஸ்திரேட் கைது ஆணை பிறப்பிக்கலாம். சாலைத் தடுப்பில் போலீஸ் நிறுத்தும்போதுதான் பலருக்கு அது தெரிய வருகிறது. முதல் வேலையாக ஜேபிஜேயிலும் தேசியப் பதிவு இலாகாவிலும் முகவரியை மாற்றுங்கள். மைபாயார், மைஜேபிஜே செயலிகளில் சம்மன் இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சம்மன் உங்கள் கைக்கு வரவே இல்லை என்றால், அதை நீதிமன்றத்தில் முதல் நாளே சொல்லுங்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டேன். பெயர் மாற்றவில்லை. சம்மன் என் பெயரில் வருகிறது.

பதில்: 115-ஆவது பிரிவின்படி யார் ஓட்டியது என்று சொல்லும் கடமை பதிவில் உள்ள உரிமையாளருக்கு உண்டு. பேசாமல் இருந்தால் அதுவே தனிக் குற்றமாகும். விற்ற ரசீது, வாங்கியவர் விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போய் எழுத்து மூலம் தெரிவியுங்கள். 'கைமாற்றி விட்டேன்' என்ற வாய்வார்த்தை எங்கும் எடுபடாது.

கேள்வி: கம்பவுண்ட் கட்டிவிட்டேன். பிறகு மீண்டும் அதே குற்றத்திற்கு நோட்டீஸ் வருகிறது.

பதில்: கம்பவுண்ட் கட்டியதும் அந்தக் குற்றம் முடிந்தது. ரசீதைக் காட்டினால் போதும். நீதிமன்றத்தில் தண்டனையோ விடுதலையோ பெற்றிருந்தால், அதே குற்றத்திற்கு மறுபடி விசாரிக்க முடியாது என்று 7-ஆவது விதியின் இரண்டாம் பகுதி காக்கிறது. ரசீதை வெயில் படாத இடத்தில் வைத்து, ஒரு நகலும் எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் மை சீக்கிரம் அழிந்துவிடும்.

கேள்வி: அரசு தரப்பு என் வழக்கை மீட்டுக்கொண்டது. இனிக் கவலையில்லைதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 254-ஆவது பிரிவில், விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு என்று ஒன்று இருக்கிறது. அதன்படி விடுவிக்கப்பட்டவர் மீது மீண்டும் குற்றம் சாட்டலாம். நீதிமன்றம் எதைத் தந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மீண்டும் குற்றம் சாட்டப்பட்டாலும், குற்றம் நடந்த நாளின் தண்டனைதான் பொருந்தும் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: 2012-க்கு முந்தைய குற்றம் ஒன்று இன்னும் நிலுவையில் இருந்தால், 300 வெள்ளிக் குறைந்தபட்சம் பொருந்துமா?

பதில்: திருத்தம் நடப்புக்கு வருவதற்கு முன் நடந்த குற்றத்திற்கு, அன்று சட்டத்தில் இல்லாத குறைந்தபட்சத்தைச் சுமத்துவது கூடுதல் தண்டனையாகும் என்று 7-ஆவது விதியைக் காட்டி வாதிடலாம். அதற்கு உங்கள் குற்றச்சாட்டுத் தாளில் உள்ள தேதியே ஆதாரம். கெஜாரா தண்டனைப் புள்ளிகளிலும் தேதியைப் பாருங்கள். அந்த முறையின் திருத்திய வடிவம் 2017 ஏப்ரல் 15-இல் நடப்புக்கு வந்தது.

நீதிமன்றம் போகும் நாளில்

கோல சிலாங்கூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றமோ, கோலகுபு பாருவோ, எங்கே அழைக்கப்பட்டாலும் போய்விடுங்கள். போகாமல் இருப்பதால் கெடுதலைத் தவிர வேறொன்றும் விளையாது.

குற்றச்சாட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் குற்றம் நடந்த தேதி, நேரம், இடம், பிரிவு எண், வாகன எண் ஆகியவை இருக்க வேண்டும். மலாய் முழுமையாகப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அந்தத் தேதியில் எந்தச் சட்டம் இருந்தது, எந்த வேக வரம்பு இருந்தது என்று பாருங்கள். தேதிக்கும் பிரிவுக்கும் பொருந்தாதது இருந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் சொல்லுங்கள். பலர் "சீக்கிரம் முடியட்டும்" என்று தலையாட்டிவிடுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு தண்டனையின் அளவு பற்றியோ அது சட்டப்படி சரியா என்பது பற்றியோதான் மேல்முறையீடு செய்யலாம். மற்ற வாதங்களுக்குக் கதவு மூடிவிடும். மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுக்க தீர்ப்பு நாளிலிருந்து 14 நாள்தான் அவகாசம்.

உண்மையிலேயே வேகமாகப் போயிருந்தால், சண்டை போட்டு நாளை வீணாக்க வேண்டாம். ஒப்புக்கொண்டு, சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளி விவரம், முதல் குற்றம் என்ற உண்மை ஆகியவற்றை எடுத்துச் சொல்லிக் குறைந்த அபராதம் கேளுங்கள். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் அவகாசம் கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையோ தேசியச் சட்ட உதவி அறவாரியத்தையோ அணுகி, தங்கள் வழக்குக்கு உதவி கிடைக்குமா என்று கேட்கலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 7-ஆவது விதி கூடுதல் தண்டனையிலிருந்து உங்களைக் காக்கும். ஈஜோக் சாலையின் வளைவில் எதிரே வரும் செம்பனை லாரியிலிருந்து அது காக்காது. கடன் வாங்கியாவது சம்மனைக் கட்டிவிடலாம். வேகத்தால் போன உயிரை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை "புதுச் சட்டம் வந்துவிட்டதாம்" என்று யாராவது சொன்னால், உங்கள் சம்மனை எடுத்துக் குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள். புதுச் சட்டம் நடப்புக்கு வந்த தேதியையும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மீதிக்கு விவரம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். சம்மனை மட்டும் பெட்டியில் போட்டு மூடாதீர்கள்.